ஒரு சாண் செப்புக்கம்பி

மாணிக்கம் அதைப் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். சொன்னவருக்கு அது ஒரு சேதியே இல்லை. கேட்ட தம்புசாமிக்குத்தான் அது பெரிய சேதி.

1988-ஆம் வருஷம், ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாணிக்கத்தின் எலெக்ட்ரிக் சாமான் கடை. தம்புசாமி வயர் சுருள்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது வயது, லைசன்ஸ் வாங்கிய வயர்மேன். இங்கிருந்து கிள்ளான் வரைக்கும் தமிழர் வீடுகளில் கரண்டு கோளாறு என்றால் முதலில் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று அவனே சொல்லிக்கொள்வான். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் முழுப் பொய் இல்லை.

"கிள்ளான் ஆச்சியோட மருமகன் போன ஞாயித்துக்கிழமை வந்தாரு தம்பு," என்றார் மாணிக்கம். "வாட்டர் ஹீட்டர் ஒண்ணு எடுத்துட்டுப் போனாரு. பிள்ளை பெத்த பொண்ணுக்கு டெய்லி தண்ணி காய வெச்சு முடியலையாம். தம்புவ அனுப்பவான்னு கேட்டேன். வேணாம், அவர் வெச்ச ப்ளக் பாயின்ட் பாத்ரூம் வாசல்லயே இருக்கு, நானே சொருகிக்கிறேன்னுட்டாரு."

தம்புசாமியின் கையிலிருந்த சுருள் மேசைமேல் விழுந்தது. எந்த ஆச்சி என்று கேட்டான். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கிள்ளானில் அவனுக்குத் தெரிந்த ஆச்சி ஒருத்திதான், மளிகை வியாபாரக் குடும்பத்துச் சிவகாமி ஆச்சி. பெண் பெயர் கோமதி. மருமகன் தியாகராஜன் பெட்டாலிங் ஜெயாவில் பேங்கு வேலை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த கோமதிக்கு ஆண்குழந்தை பிறந்து இன்றைக்குப் பதினாறு நாள். தீட்டுக் கழித்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உறவுக்காரர்களுக்கு விருந்து போடுகிறார்கள். மாணிக்கத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது, கடையை விட்டுப் போக முடியவில்லை. இதையெல்லாம் மாணிக்கம் வயரை அளந்துகொண்டே சொன்னார். தம்புசாமி காதில் பாதிதான் விழுந்தது.

அவன் ஏன் இப்படிப் பேயறைந்த மாதிரி நின்றான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை.

வீட்டு வாசலுக்கு மேலே மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ட்ரிப் சுவிட்ச் என்று ஒன்று இருக்கும். எங்கேயாவது கரண்டு கசிந்தால், ஈரக்கையோடு யாராவது தொட்டால், கண் இமைப்பதற்குள் அது வீட்டுக் கரண்டை வெட்டிவிடும். மனுஷரைக் காப்பாற்றத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஊர் இடியும் மழையும் அதற்குத் தெரியுமா? மத்தியானம் மூன்று மணிக்கு ஓர் இடி இடித்தால் போதும், டொக்கென்று விழுந்துவிடும். வீட்டில் ஆள் இல்லாத நேரம் விழுந்தால் ஃபிரிட்ஜில் இருக்கும் மீனும் இறைச்சியும் நாறிப்போகும். ஜனங்களுக்கு எரிச்சல். வயர்மேனைப் பிடித்து, 'அத டைரக்ட் பண்ணிக் குடுத்துடுங்க' என்பார்கள். ட்ரிப் சுவிட்சுக்குள் போகிற இரண்டு கம்பிகளையும் அதிலிருந்து வெளியே வருகிற இரண்டு கம்பிகளோடு, இரண்டாக நறுக்கிய ஒரு சாண் செப்புக்கம்பியால் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. அப்புறம் இடி இடித்தாலும் கரண்டு போகாது. ஆள் செத்தாலும் போகாது.

கோமதியின் வளைகாப்பு அன்று அதைத்தான் தம்புசாமி செய்தான். அன்றைக்கு எண்பது பேர் சாப்பாடு. வாசலில் தொங்கவிட்ட சீரியல் விளக்குகளில் மழை பட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கரண்டு போய்க்கொண்டிருந்தது. ஃபேன் நின்றது, கிரைண்டர் பாதி மாவில் நின்றது, வந்த பெண்டுகள் பட்டுப் புடவையில் வியர்த்து வழிந்தார்கள். நல்ல காரியம் நடக்கும்போது விளக்கு அணைந்து அணைந்து எரிகிறதே என்று ஆச்சி அழாத குறை. இன்றைக்கு ஒரு நாள்தான் ஆச்சி, நாளைக்கு வந்து எடுத்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் கம்பியைப் போட்டான்.

மறுநாள் அவன் போகவில்லை. அதைக்கூட மன்னித்துவிடலாம், வேலை இருந்தது. அடுத்த வாரம் போனானே, அதைத்தான் மன்னிக்க முடியாது. வாஷிங் மெஷினுக்கு ப்ளக் பாயின்ட் வேண்டும் என்று ஆச்சி கூப்பிட்டு அனுப்ப, போய், குளியலறை வாசல் சுவரில் ஒன்று வைத்தான். வைத்துவிட்டு மெயின் பெட்டியையும் திறந்தான். கம்பியைப் பார்த்தான். அப்போது ஆச்சி வேலிக்கு அந்தப் பக்கம் யாரிடமோ, தம்பு கை பட்டதிலிருந்து ஒரு தடவைகூடக் கரண்டு போகவில்லை, அவன் கை அப்படிப்பட்ட கை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்புசாமி கேட்டான். கேட்கச் சுகமாக இருந்தது. பெட்டியை மூடித் திருகாணியை முடுக்கிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்துவிட்டான். பாவி மனுஷன்.

இப்போது அதே ப்ளக்கில் வாட்டர் ஹீட்டர். கழுத்து டை கட்டுகிற பேங்குக்காரர் மாட்டிய ஹீட்டர். அதன் கீழே ஈரத்தில், வெறுங்காலோடு, பதினாறு நாள் பச்சை உடம்புக்காரி.

மாணிக்கத்தின் கடைப் போனை எடுத்து ஆச்சி வீட்டுக்கு அடித்தான். எங்கேஜ். வைத்துவிட்டு மறுபடி அடித்தான். எங்கேஜ். ஐந்தாவது தடவை மாணிக்கமே சிரித்துவிட்டு, குழந்தை தூங்குகிறதென்று அவர்கள் போனை எடுத்துக் கீழே வைத்துவிடுவார்கள், இரண்டு வாரமாக அப்படித்தான் என்றார். மணி பத்தே முக்கால். பிள்ளை பெற்றவளுக்கு வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் தண்ணீர் ஊற்றுவார்கள். பதினொன்றரை ஆகலாம், பன்னிரண்டு ஆகலாம்.

ஆச்சியின் அடுத்த வீட்டு நம்பர் அவன் நோட்டில் இருந்தது. ரெங்கசாமி அங்கிள் வீடு. நம்பரைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது. ரெங்கசாமி யார் தெரியுமா? வயர்மேன்களின் வேலையைச் சோதித்து லைசன்சைப் பிடுங்குகிற இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். 'டைரக்ட்' என்ற வார்த்தை அவர் காதில் விழுந்தால் போதும், தம்புசாமியின் பிழைப்பு முடிந்தது. போதாததற்கு இங்கே பக்கத்திலேயே மாணிக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆனாலும் அடித்தான். ரெங்கசாமி எடுத்தார். ஆச்சி வீட்டில் சொல்லுங்க அங்கிள், நான் வரும்வரைக்கும் ஹீட்டரைப் போட வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டார். அந்த ஒரு 'ஏன்' என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒன்றுமில்லை அங்கிள், ப்ளக்கில் ஒரு ஸ்க்ரூ லூசாக இருக்கும் போலிருக்கிறது, பார்த்துவிடலாம் என்று இழுத்தான். ஒரு ஸ்க்ரூவுக்கா கோலாலம்பூரிலிருந்து போன் போடுகிறாய் என்று அவர் சிரித்தார். குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டு விருந்துக்கு அங்கேதான் போகிறேன், சொல்லிவிடுகிறேன் லா என்று வைத்துவிட்டார்.

குளித்து, சாமி கும்பிட்டு, அப்புறம். தம்புசாமி வாங்கிய சாமானைக்கூட எடுத்துக்கொள்ளாமல் மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

ஃபெடரல் ஹைவேயில் சனிக்கிழமை என்றால் கேட்க வேண்டுமா. பெட்டாலிங் ஜெயா தாண்டுவதற்குள் கார்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. மோட்டார் சைக்கிள்காரனுக்கு என்ன, இடுக்கில் நுழைந்து போய்க்கொண்டே இருந்தான். வண்டி ஓடியது, மனசு அதைவிட வேகமாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை வாங்கியிருக்கிறார்கள். திங்களிலிருந்து அதில்தான் குளிக்கிறாள். ஐந்து நாள் ஒன்றும் ஆகவில்லையே, ஆகியிருந்தால் சேதி வந்திருக்காதா? அப்படியென்றால் ஹீட்டர் நல்ல ஹீட்டர். தியாகராஜன் படித்தவர், மூன்று கம்பியையும் ஒழுங்காகத்தான் மாட்டியிருப்பார். இப்படிச் சொல்லிக்கொண்டதும் கை தானாக வேகத்தைக் குறைத்தது. ஒரு மைல் போவதற்குள், படித்தவனுக்குப் பச்சைக் கம்பி எதற்கு என்று தெரியுமா, அவன் என்ன வயர்மேனா என்று இன்னொரு நினைப்பு வந்து பிடரியில் அறையும். மறுபடி முறுக்குவான். வழி முழுக்க இதே கூத்து.

சுபாங் ஜெயா தாண்டும்போது மழை பிடித்தது. சும்மா மழை இல்லை, வாளி வாளியாகக் கொட்டுகிற மழை. மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் பாலத்துக்கு அடியில் வண்டியை நிறுத்தி ஒதுங்கிக்கொண்டார்கள். இவன் நிற்கவில்லை. யாரோ ஒருவர், பாஸ், சாகணுமா என்று மலாயில் கத்தினார். கண்ணில் தண்ணீர் அடித்து ரோடே தெரியவில்லை. கோமதியைப் பள்ளிக்கூட உடுப்பில் பார்த்தது ஞாபகம் வந்தது. ஏணி மேலே நின்று இவன் ஃபேன் மாட்டும்போது, விழுந்துடாதீங்கண்ணே என்று கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண். சாமி, இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை என்று வாய்விட்டே சொன்னான்.

ஷா ஆலம் பக்கம் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் பொதுப் போன் கண்ணில் பட்டது. நிறுத்தினான். ஆச்சி வீடு இன்னும் எங்கேஜ். சரி, போனது போகட்டும், லைசன்ஸ் போனாலும் போகட்டும், ரெங்கசாமியிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டான். இங்கே மாணிக்கம் இல்லை, யாருமில்லை. நம்பரைச் சுழற்றினான். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. விருந்துக்குப் போய்விட்டார் போலும். உண்மையைச் சொல்ல ஆள் இருந்தபோது வாய் வரவில்லை, வாய் வந்தபோது ஆள் இல்லை. தம்புசாமி போன் பெட்டியைக் கையால் குத்தினான். விரல் முட்டிதான் வலித்தது.

ஆச்சி வீட்டு வாசலில் அவன் வண்டியைப் போட்டபோது மணி பதினொன்று ஐம்பது. கிள்ளானில் மழை இல்லை, வெயில் காய்ந்தது. வாசலில் இருபது ஜோடிச் செருப்பு, உள்ளே சாம்பிராணிப் புகை, காசெட்டில் பக்திப் பாட்டு. அழுகைச் சத்தம் எதுவும் இல்லை. உள்ளே போனான். சொட்டச் சொட்ட நனைந்து நின்றவனைப் பார்த்து ஆச்சிக்கு ஒரே சந்தோஷம். மழையில் நனைந்துகொண்டு விருந்துக்கு வந்திருக்கிறானே என்று நினைத்துவிட்டார். ரெங்கசாமி நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தார். ஏதோ ஸ்க்ரூ என்றாயே என்று அவனைக் கேட்டுவிட்டு, அடடே, ஆச்சியிடம் சொல்லவே மறந்துவிட்டேன் என்றார்.

"கோமதி எங்க ஆச்சி?"

"இப்பத்தான் தண்ணி ஊத்துற வீரம்மா உள்ள கூட்டிட்டுப் போச்சு. தலைக்கு ஊத்தி முடிஞ்சதும் இலை போட்டுறலாம். நீ துண்டு வாங்கித் துவட்டு லா."

கொல்லைப்பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அங்கே ஓடுவதா? பிள்ளை பெற்றவள் குளிக்கிற கதவை ஓர் ஆம்பிளை போய்த் தட்டுவதா? தட்டினாலும் அவர்கள் குழாயை மூடிவிட்டுத் திறக்க எவ்வளவு நேரம்? தம்புசாமி ஓடவில்லை. திரும்பி, வாசல் கதவுக்குப் பின்னால் போய், சேற்றுக் காலோடு நாற்காலி மேலே ஏறி, மெயின் சுவிட்சை இழுத்துக் கீழே தள்ளினான்.

ஃபேன் நின்றது. பாட்டு இழுத்துக்கொண்டு நின்றது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. கொல்லையிலிருந்து சத்தமே இல்லை. அப்புறம் வீரம்மாவின் குரல் வந்தது. இது என்ன வீடா சத்திரமா, தண்ணி ஐஸா வருது, பொண்ணு தலை நிறையச் சீயக்காய், யாருய்யா ஆஃப் பண்ணது என்று வண்டி வண்டியாகத் திட்டினாள். அந்தத் திட்டு அவனுக்குத் தேனாக இருந்தது. நாற்காலியிலிருந்து இறங்கி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

மறுபடியும் ட்ரிப்பா என்று கேட்டார் ஆச்சி. நான்தான் அணைத்தேன், ஹீட்டரைப் பார்க்காமல் போடக் கூடாது என்றான். பச்சை உடம்பு குளிர்ந்த தண்ணியில் நின்றால் ஜன்னி வந்துவிடும், முதலில் போடு, அப்புறம் பார் என்று ஆச்சி சத்தம் போட்டார். போட மாட்டேன் என்றான் தம்புசாமி. அந்த வீட்டில் ஆச்சி பேச்சை அவன் மறுத்தது அதுதான் முதல் தடவை. கேஸ் அடுப்பில் அவசர அவசரமாக இரண்டு பானை தண்ணீர் காய்ச்சிக் குளியலை முடித்தார்கள். அவ்வளவு நேரமும் அவன் மெயின் சுவிட்சுக்குக் கீழேயே காவல் நின்றான்.

குளியலறை காலியானதும் போய் ஹீட்டரின் மூடியைக் கழற்றினான். உள்ளே ஈரம், பொட்டுப் பொட்டாக. வயரில் பச்சைக் கம்பி, அதுதானே கசிகிற கரண்டை மண்ணுக்கு அனுப்புகிற கம்பி, அது வெட்டப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி மடக்கி வைக்கப்பட்டிருந்தது. இடம் போதவில்லை, அது தேவையில்லாத கம்பி என்று நினைத்தேன் என்று பின்னால் நின்ற தியாகராஜன் மெல்லச் சொன்னார். ரெங்கசாமி எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

எல்லாரும் கூடத்துக்கு வந்தபோது கோமதி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் துண்டு, முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, அந்தத் தண்ணியில நிஜமாவே கரண்டு இருந்துச்சா?" என்றாள்.

இருந்தது என்றான்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சொன்னதுதான் இது. திங்கட்கிழமையிலிருந்து ஷவர் பைப்பைப் பிடித்தால் எறும்பு ஊர்கிற மாதிரி கையிலிருந்து தோள்வரை ஏறும். ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டால் இருக்காது, கால் தரையில் பட்டால் வரும். முதல் நாளே அம்மாவிடம் சொன்னாள். பச்சை உடம்பில் வாயு சேர்ந்திருக்கிறது, அப்படித்தான் இருக்கும் என்று ஆச்சி பூண்டும் மிளகும் சேர்த்து மருந்தை இரண்டு வேளையாக்கிவிட்டார். மருந்து தின்று வயிறு எரிந்ததுதான் மிச்சம். நானும்தான் தினம் தண்ணி ஊற்றுகிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று வீரம்மா சிரித்தாள். அவள் வழுக்காமலிருக்க ரப்பர் ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு நின்றவள், அவளுக்கு எப்படித் தெரியும்? புருஷனிடம் சொன்னாள். பிள்ளை பெற்றவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும் என்று டாக்டரே சொல்வார், பேசாமல் இரு என்றார். இன்றைக்கு நெஞ்சுவரைக்கும் ஏறிவிட்டது, கத்த வாயெடுத்தாள், அதற்குள் கரண்டு நின்றது.

"என் உடம்புலதான் என்னமோ வந்துடுச்சுன்னு நெனச்சேன்," என்றாள் கோமதி. "அது பிள்ளைக்கும் ஏறிடுமோன்னு பால் குடுக்கிற நேரம் தவிர நான் அவனத் தொடவே இல்ல அண்ணே. மூணு நாளா தொடல."

ஆச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மகள் ஐந்து நாளாகச் சொன்னதற்கு மருந்து உருட்டி உருட்டிக் கொடுத்த கை அது. ஆனால் அந்தத் துக்கம் தாங்க முடியாதபோது மனுஷர் என்ன செய்வார்கள்? வேறு ஆளைத் தேடுவார்கள். ஆச்சி மருமகன் பக்கம் திரும்பினார். வயர்மேனைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா, என் பெண்ணைக் கொல்லப் பார்த்தீர்களே என்று ஆரம்பித்தவர், சம்பந்தி வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. தியாகராஜன் தலையைக் குனிந்துகொண்டார். கோமதி அவரைப் பார்க்கவே இல்லை. முப்பது நாள் முடிந்ததும் பெட்டாலிங் ஜெயாவுக்கு நான் வரவில்லை, நான் சொன்னதை நம்பாத மனுஷனோடு எப்படி இருப்பது என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் எல்லாரும் பயந்தார்கள்.

அதே வாயால் ஆச்சி தம்புசாமியைக் கொண்டாடினார். தெய்வம்தான் அவனை மழையோடு மழையாக அனுப்பி வைத்தது என்றார். யாரோ அவன் தோளில் துண்டைப் போர்த்தினார்கள். வீரம்மா அவனைத் திட்டிய வாயில் அவளே அடித்துக்கொண்டாள். ரெங்கசாமி மட்டும் யோசனையாக மேலே பார்த்துவிட்டு, இவ்வளவு கசிந்தும் ட்ரிப் சுவிட்ச் விழவில்லையே, பழைய பெட்டி, கெட்டுப்போயிருக்கும், புதிதாக ஒன்று மாற்றிவிடு தம்பு என்றார்.

"ஆமா அங்கிள்," என்றான் தம்புசாமி.

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பொய். அவன் கேட்காமலே கிடைத்த வழி. இப்போது ஏறிப் பெட்டியைத் திறந்து, இரண்டு கம்பியையும் வெட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. லைசன்ஸ் இருக்கும், பேர் இருக்கும், இனி கிள்ளான் முழுக்க அவன்தான் கடவுள் அனுப்பிய வயர்மேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நாற்காலியில் ஏறினான். மூடியைத் திறந்தான். கம்பிகள் அவன் வைத்தபடியே இருந்தன. மேலேயிருந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தெரிந்தது. எல்லாரும் ஒரு பக்கம் ஒதுங்கிவிட, தியாகராஜன் மட்டும் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் ஹீட்டரிலிருந்து பிடுங்கி வந்த அந்தப் பச்சைக் கம்பித் துண்டு. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாமல் செய்தவர் அவர். தெரிந்து செய்தவன் நாற்காலி மேலே நிற்கிறான், தோளில் துண்டோடு.

தம்புசாமி தோளிலிருந்த துண்டை உருவிக் கீழே போட்டான்.

"பெட்டி கெட்டுப்போகல அங்கிள்," என்றான். "நான்தான் டைரக்ட் பண்ணி வெச்சிருக்கேன். வளைகாப்பு அன்னிக்கு. எடுக்கிறேன்னு சொல்லிட்டு எடுக்கல. இது சரியா இருந்திருந்தா மொத நாளே கரண்டு போயிருக்கும். இவர் பச்சைக் கம்பிய வெட்டினாலும் அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. இவர் மேல தப்பு கொஞ்சம். மீதி எல்லாம் என் மேல."

ஆச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தானே கெஞ்சினேன், நான்தானே செய்யச் சொன்னேன் என்று தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னார். தியாகராஜன் தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவர்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஐந்து நாள் நம்பாமல் இருந்தது இருந்ததுதான். ஆனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ரெங்கசாமி எழுந்து வந்து பெட்டிக்குள் பார்த்தார். கத்துவார் என்று தம்புசாமி எதிர்பார்த்தான். கத்தவில்லை. வெட்டி எடு என்று மட்டும் சொன்னார். எடுத்தான். மெயினைப் போட்டு, ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அவரே அழுத்தினார். டொக்கென்று விழுந்தது, ஓடத் தொடங்கின ஃபேன் நின்றது. மறுபடி தூக்கிவிட்டார். அப்புறம்தான் கேட்டார், இந்த மாதிரி இன்னும் எத்தனை வீடு என்று.

தம்புசாமி விரல் விட்டு எண்ணினான். சுபாங் ஜெயாவில் மூன்று, பெட்டாலிங் ஜெயாவில் நான்கு, பூச்சோங்கில் இரண்டு. ஒன்பது. ஒன்றைக்கூட அவன் மறந்திருக்கவில்லை. அதுதான் அவனுக்கே பெரிய அவமானமாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அப்புறம் வந்து எடுத்துவிடுகிறேன் என்றுதான் சொல்லியிருந்தான். திங்கட்கிழமை லைசன்சை எடுத்துக்கொண்டு இலாகாவுக்கு வா, நானும் வருகிறேன், நடந்ததை நீயே சொல்ல வேண்டும் என்றார் ரெங்கசாமி. சரி என்றான்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எத்தனை கோபம் இருந்தாலும் பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்த ஆளைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. இலை போட்டு, தம்பு, நீயும் உக்காரு என்று அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவனும் மறுக்கத் தைரியமில்லாமல் கடைசி இலை முன்னால் போய்ச் சம்மணம் போட்டான்.

கோமதி அறைக்குள் போய்த் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று நாளாகத் தொடாத பிள்ளை. அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தில் கன்னத்தை வைத்து வைத்து எடுத்தாள். அப்படியே நடந்து வந்து தம்புசாமியின் இலைக்கு முன்னால் நின்றாள்.

"அந்த ஒன்பது வீட்டுல பிள்ளை பெத்தவங்க யாராச்சும் இருக்காங்களா அண்ணே?"

தம்புசாமி நிமிர்ந்து பார்த்தான். "தெரியலம்மா. நான் கேட்டதே இல்ல."

"அப்ப சாப்பிட உக்காராதீங்க," என்றாள் கோமதி. "எழுந்து அங்க போங்க."